முதல் கிராஃபிக்ஸ் டேப்லெட்டைத் தேர்ந்தெடுத்தல்: காகிதத்தில் வரைந்துவந்த ஒருவரின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு உரியவர் இருபதுகளின் நடுவில் இருக்கும் ஒரு பெண். பென்சிலாலும் மைப்பேனாவாலும் ஏ5 அளவுக் குறிப்பேடுகளில் பல ஆண்டுகளாக வரைந்துவருபவர். குழந்தைகளுக்கான கதைகளுக்குப் படம் வரைவதைத் தொழிலாக்கிக்கொள்ள விரும்பியவர். 15.6 அங்குலத் திரையும் 1920 × 1080 பிரிதிறனும் கொண்ட மடிக்கணினி ஒன்று ஏற்கெனவே அவரிடம் இருந்தது. கணினியில் வரைவதைப் பொறுத்தவரை, மவுஸால் சில கோடுகளை இழுத்துப் பார்த்துவிட்டுச் சலிப்போடு விட்டுவிட்டதைத் தவிர வேறு அனுபவம் அவருக்கு இல்லை. ஓவியம் கற்பிப்பவள் என்ற முறையில், அவர் கிராஃபிக்ஸ் டேப்லெட் ஒன்றை, அதாவது பேனாவால் மேலே வரைந்தால் கோடு கணினித் திரையில் விழும் பலகையை, தேர்ந்தெடுத்ததையும், அதைக் கணினியில் அமைத்ததையும், முதல் சில மாதங்கள் பயன்படுத்தியதையும் உடனிருந்து கவனிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அவருடைய இசைவுடன், அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்து, அதை இங்கே பதிவுசெய்கிறேன்.

இதைப் பதிவுசெய்வதற்கு ஒரு காரணம் உண்டு. புதிதாக வரையத் தொடங்குபவர்கள் எல்லோரும் ‘எது நல்ல டேப்லெட்?’ என்றே கேட்கிறார்கள். அதற்குக் கிடைக்கும் பதில்களும் பெட்டியின்மீது அச்சிட்டிருக்கும் எண்களை ஒப்பிடுவதோடு நின்றுவிடுகின்றன. இவருடைய தேர்வை முடிவுசெய்த எண் எந்தப் பெட்டியிலும் இல்லை. அவருடைய குறிப்பேட்டிலும், பேனா பிடிக்கும் கையின் அசைவிலும்தான் அது இருந்தது.

அவர் கொண்டுவந்த பட்டியல்

என்னிடம் வரும்போதே அவர் ஒரு பட்டியல் தயாரித்து வைத்திருந்தார். திரையுள்ள டேப்லெட்டாக, அதாவது பலகையிலேயே படம் தெரியும் வகையாக, இருக்க வேண்டும். அழுத்த நிலைகள் குறைந்தது 8192, முடிந்தால் 16384 இருக்க வேண்டும். பேனாவின் சாய்வை உணர வேண்டும். கம்பியில்லாமல் இயங்க வேண்டும். பக்கவாட்டில் பொத்தான்கள் நிறைய இருக்க வேண்டும். திரையுள்ளதை விரும்பியதற்கு அவர் சொன்ன காரணம் எளிமையானது: “கை ஒரு பக்கம், கண்ணு ஒரு பக்கம் இருந்தா எப்படி மேடம் வரைய முடியும்?”

அந்தக் கேள்வியை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. காகிதத்தில் வரைந்து பழகிய யாருக்கும் அந்த அச்சம் வரும். ஆனால் கையும் கண்ணும் பிரிந்து வேலை செய்வது, கணினியில் வரைவது தொடங்கிய காலத்திலேயே இருந்த ஏற்பாடு. 1964ஆம் ஆண்டு அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய டேப்லெட், 10 × 10 அங்குலப் பரப்பும், பேனாவின் இடத்தை ஓர் அங்குலத்துக்கு 100 கோடுகளாகப் பிரித்தறியும் நுணுக்கமும் கொண்டது. அதைப் பயன்படுத்தியவர்களும் மேசைமேல் கையை ஓட்டிக்கொண்டு, எதிரே தனியாக இருந்த திரையைத்தான் பார்த்தார்கள். மவுஸைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் அன்றாடம் செய்வதும் அதுவே. பேனா என்றதும் அது அந்நியமாகத் தோன்றுவதற்குக் காரணம், பேனாவின் முனையைப் பார்த்தே எழுதியும் வரைந்தும் நமக்குள் ஊறிப்போன பழக்கம். அந்தப் பழக்கம் மாறச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதையும், அந்த வாரங்கள் எரிச்சலூட்டும் என்பதையும் மறைக்காமல் அவரிடம் சொன்னேன்.

பெட்டியின்மீது இருக்கும் எண்கள்

முதலில் அழுத்த நிலைகளைப் பார்த்தோம். பேனாவை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை டேப்லெட் எத்தனை படிகளாகப் பிரித்து உணர்கிறது என்பதே அந்த எண். சந்தையில் 2048, 4096, 8192, 16384 என்று இரட்டித்துக்கொண்டே போகிறது. சாதாரண 8 பிட் வண்ண அமைப்பில் ஒரு கோட்டின் ஒளிபுகாமை 256 படிகளில்தான் மாறும். 2048 நிலைகள் உள்ள பேனாவிலேயே ஒவ்வொரு படிக்கும் எட்டு அழுத்த நிலைகள் கிடைத்துவிடுகின்றன. கோட்டின் தடிமனை எடுத்துக்கொண்டாலும், 40 பிக்சல் அகலமுள்ள ஒரு பிரஷ் ஒன்றிலிருந்து நாற்பது வரை விரிவதைக் காட்ட ஆயிரக்கணக்கான நிலைகள் தேவைப்படுவதில்லை. எனவே 4096க்கும் 16384க்கும் இடையில் தொடக்கநிலையாளரின் கை உணரக்கூடிய வேறுபாடு எதுவும் இல்லை என்பதே என் உறுதியான கருத்து.

கை உண்மையில் உணர்வது வேறொன்று: எவ்வளவு மென்மையாகத் தொட்டால் கோடு விழத் தொடங்குகிறது என்பது. பென்சிலைக் காகிதத்தில் வெறுமனே படியவிட்டாலே மங்கலான கோடு விழும். சில பேனாக்களில் அந்த அளவு தொட்டால் ஒன்றுமே பதியாது. இன்னும் சற்று அழுத்தினால் திடீரெனத் தடித்த கோடு வந்து நிற்கும். நிழல் தீட்டுபவருக்கு இது பெரிய குறை. இதைப் பல நிறுவனங்கள் பெட்டியில் போடுவதில்லை. போட்டாலும் வாங்குபவர்கள் அதைக் கவனிப்பதில்லை.

அடுத்தது நுணுக்கம். ஓர் அங்குலத்துக்கு 2540 கோடுகள் என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு 100. 5080 என்றால் 200. குறைந்த எண்ணையே எடுத்துக்கொள்வோம்: 216 மி.மீ. அகலமுள்ள பலகை 21,600 இடங்களைப் பிரித்தறியும். இவருடைய திரையின் அகலம் 1920 பிக்சல். ஒரு பிக்சலுக்குப் பதினொன்றுக்கும் மேற்பட்ட இடங்கள் என்னும்போது, அதற்கு மேல் உள்ள நுணுக்கத்தைத் திரை காட்டப்போவதில்லை. இந்த எண்ணையும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டோம்.

பேனாவுக்குப் பேட்டரி வேண்டாம் என்ற ஒரு நிபந்தனையை மட்டும் நான் சேர்த்தேன். மின்காந்த ஒத்ததிர்வு முறையில் இயங்கும் பேனாவுக்குள் ஒரு கம்பிச்சுருளும் மின்தேக்கியும் இருக்கும். பலகைக்குள் உள்ள உணர்கம்பிகள் அலையை அனுப்பும், பேனா அதை வாங்கித் திருப்பி அனுப்பும், அது எங்கிருந்து வருகிறது என்பதைக் கொண்டு பலகை இடத்தைக் கணிக்கும். பேனா தொடாமல் சற்று மேலே மிதக்கும்போதே திரையில் சுட்டி நகர்வதற்கும் இதுவே காரணம். 1983இல் ஜப்பானில் தொடங்கப்பட்ட வாகோம் நிறுவனம் பெயர் பெற்றது இத்தகைய பேனாவால்தான். இப்போது ஹூயான், எக்ஸ்பி-பென் போன்ற நிறுவனங்களின் பேனாக்களும் பேட்டரி இல்லாமலே வருகின்றன. வரைந்துகொண்டிருக்கும்போது பேனா உயிரிழந்துபோகும் தொல்லை இல்லை என்பதோடு, அது இலேசாகவும் இருக்கிறது. கம்பியில்லா இணைப்பு, சாய்வை உணர்தல், பக்கவாட்டுப் பொத்தான்கள் ஆகிய மூன்றையும் ‘இருந்தால் சரி, இல்லாவிட்டாலும் சரி’ என்ற வரிசைக்கு நகர்த்தினோம். மடிக்கணினியின் விசைப்பலகையே இடக்கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது பொத்தான்களுக்காகத் தேர்வை மாற்ற வேண்டியதில்லை.

அட்டையில் வெட்டிய மூன்று சாளரங்கள்

பட்டியல் சுருங்கிய பிறகு மீந்து நின்ற கேள்வி அளவு. இதைத்தான் நாங்கள் மிக விரிவாகச் சோதித்தோம். இந்த ஆய்வில் மற்றவர்களுக்குப் பயன்படக்கூடிய பகுதி இதுவே என்று நம்புகிறேன்.

திரையற்ற டேப்லெட்டுகளின் வரைபரப்பு பெரும்பாலும் மூன்று அளவுகளில் அடங்கிவிடும். சிறியவை: வாகோம் இன்டுவோஸ் சிறிய வகை 152 × 95 மி.மீ., ஹூயான் எச்640பி 160 × 100 மி.மீ. நடுத்தரமானவற்றுக்கு இன்டுவோஸ் நடுத்தர வகையின் 216 × 135 மி.மீ. எடுத்துக்காட்டு. அதற்கு மேலே எக்ஸ்பி-பென் டெக்கோ 01 வி2 போன்றவற்றின் 254 × 159 மி.மீ. இந்த எண்களைக் காகித அளவுகளோடு வைத்துப் பார்த்தால் உடனே பொருள் விளங்கும். சிறியது ஏறக்குறைய ஏ6 தாள். நடுத்தரமானது குறுக்காக வைத்த ஏ5 தாளுக்கு மிக அருகில் வருகிறது. பெரியது ஏ5க்கும் ஏ4க்கும் இடைப்பட்டது.

ஒரு கெட்டி அட்டையில் இந்த மூன்று அளவுகளிலும் செவ்வகச் சாளரங்களை வெட்டச் சொன்னேன். அடியில் வெள்ளைத்தாளை வைத்து, ஒவ்வொரு சாளரத்துக்குள்ளும் ஒரே படத்தை, சாளரம் நிறையும்படி மைப்பேனாவால் வரைய வேண்டும். அவர் தேர்ந்தெடுத்த படம், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தை. பிடரியில் தொடங்கி முதுகு வழியாக இடுப்புவரை இறங்கும் ஒரே வளைகோடுதான் அந்தப் படத்தின் உயிர். அதை ஒரே இழுப்பில் போட வேண்டும் என்பது நான் வைத்த விதி.

காகிதத்தில் பார்த்தபோது மூன்று படங்களும் நன்றாகவே இருந்தன. சொல்லப்போனால் சிறிய சாளரத்தில் வரைந்தது மிக அழகாக இருந்தது. சோதனையின் இரண்டாம் பகுதியில்தான் வேறுபாடு வெளிப்பட்டது. மூன்று படங்களையும் ஒளிப்படம் எடுத்து, சாளரத்தின் ஓரங்களுக்கு வெட்டி, மடிக்கணினியில் முழுத்திரையாகத் திறந்தோம். டேப்லெட் செய்வதும் இதையேதான். அதன் முழுப் பரப்பும் திரையின் முழுப் பரப்பாக விரிகிறது. 15.6 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 345 மி.மீ.; சிறிய பலகையில் கையின் ஒவ்வோர் அசைவும் 2.3 மடங்கு பெருகும், நடுத்தரப் பலகையில் 1.6 மடங்கு, பெரியதில் 1.4 மடங்குக்கும் சற்றுக் குறைவு. 24 அங்குலத் திரை என்றால் சிறிய பலகையின் பெருக்கம் 3.5 மடங்காகிவிடும்.

திரையில் விரிந்த சிறிய படத்தின் முதுகுக்கோடு நடுங்கியது. விரல்களை மட்டும் அசைத்து அவர் போட்ட அந்தக் கோட்டில், காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருந்த மூன்று சிறு தயக்கங்கள் திரையில் மூன்று முழங்கைகளாகத் துருத்திக்கொண்டு நின்றன. நடுத்தரச் சாளரத்துக் கோடு, விரிந்த பிறகும் ஒரே மூச்சில் போட்ட கோடாகவே இருந்தது. அதை அவர் மணிக்கட்டைச் சுழற்றிப் போட்டிருந்தார். பெரிய சாளரத்துக் கோடு அதைவிடவும் தூய்மையாக வந்திருக்க வேண்டும், ஆனால் வரவில்லை. காரணத்தைத் தேடி அவருடைய கையைக் கவனித்தேன். அவர் மணிக்கட்டின் பக்கவாட்டைத் தாளில் ஊன்றியபடியே வரைபவர். பெரிய சாளரத்தில் பிடரியிலிருந்து இடுப்புவரை அந்த ஊன்றலோடு எட்ட முடியாமல், பாதி வழியில் கையைத் தூக்கி நகர்த்தி வைத்திருந்தார். கோட்டில் ஓர் ஒட்டு விழுந்திருந்தது.

பல ஆண்டுகளாக ஏ5 குறிப்பேட்டில் வரைந்துவந்த கை, ஏ5 அளவுக்குத்தான் பழகியிருந்தது. தோளிலிருந்து கையை வீசி ஏ3 தாள்களில் கரித்துண்டால் வரைந்து பழகிய ஒருவர் இதே சோதனையைச் செய்திருந்தால் பெரிய சாளரமே வென்றிருக்கும். சிறு அட்டைகளில் நுணுக்கமாக வரைபவருக்கு, திரையும் சிறியதாக இருந்தால், சிறிய பலகையே போதுமானதாக இருக்கும். ‘பெரியதே நல்லது’ என்று பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரையை இந்தக் காரணத்தால் நான் ஏற்பதில்லை.

விலக்கப்பட்ட மற்ற வழிகள்

திரையுள்ள டேப்லெட்டை அவர் மனம் எளிதில் விடவில்லை. அதனால் அதை முறையாகவே ஆராய்ந்தோம். அதற்குப் படத்தைக் கொண்டுவர ஓர் இணைப்பு, பேனாவின் தகவலைக் கொண்டுசெல்ல ஓர் இணைப்பு, பெரும்பாலும் மின்சாரத்துக்குத் தனி இணைப்பு என்று கம்பிகள் வேண்டும். ஒரே யுஎஸ்பி-சி கம்பியில் எல்லாம் முடிந்துவிடும் என்று விற்கப்படுபவையும் உண்டு; ஆனால் அதற்கு மடிக்கணினியின் யுஎஸ்பி-சி துளை படத்தை வெளியே அனுப்பக்கூடியதாக இருக்க வேண்டும், எல்லாத் துளைகளும் அப்படிப்பட்டவை அல்ல. இவருடைய மடிக்கணினியில் அந்த வசதி இல்லை. இரண்டாவதாக, கண்ணாடிக்கும் அடியிலுள்ள படத்துக்கும் இடைவெளி விடும் வகைகளில் பேனாமுனை ஓரிடத்திலும் கோடு சற்றுத் தள்ளி வேறோரிடத்திலும் தெரியும். மூன்றாவதாக, நல்ல தாங்கி இல்லாமல் மேசையில் படுக்கவைத்து வரைந்தால் கழுத்து மணிக்கணக்கில் குனிந்தே இருக்கும். குறிப்பேட்டின்மேல் குனிந்து வரைந்து ஏற்கெனவே கழுத்துவலியால் அவதிப்பட்டுக்கொண்டிருந்தவருக்கு, நிமிர்ந்து திரையைப் பார்த்து வரைய வேண்டிய கட்டாயமே ஒரு நன்மை என்று எனக்குப் பட்டது. அதை அவரும் ஒப்புக்கொண்டார். இவை எல்லாவற்றுக்கும் மேல் விலை பல மடங்கு. டிஜிட்டல் ஓவியம் தனக்கு ஒத்துவருமா என்றே தெரியாத நிலையில் அதைச் செலவிடுவதில் பொருளில்லை.

ஐபேடும் ஆப்பிள் பென்சிலும் 2015 முதல் ஓவியர்களிடையே இடம்பிடித்திருப்பதற்கு நல்ல காரணங்கள் உண்டு. எங்கும் கொண்டுபோகலாம், கணினியே வேண்டாம். ஆனால் கையில் நல்ல கணினி இருப்பவர் இன்னொரு கணினியை வாங்குவதற்கு அது ஒப்பாகும். புரோகிரியேட் போன்ற மென்பொருள் ஐபேடில் மட்டுமே இயங்குவதால், பின்னால் கணினிக்கு மாறும்போது பழக்கத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். எனவே அதையும் விட்டோம்.

முடிவும் வாங்குமுன் செய்த சோதனையும்

ஏ5 தாளை ஒத்த வரைபரப்புள்ள, திரையற்ற, பேட்டரியில்லாப் பேனா கொண்ட ஒரு நடுத்தர டேப்லெட் என்று முடிவானது. எந்த நிறுவனம் என்பது இரண்டாம் கேள்விதான் என்றாலும், கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடக் கூடாது. தெரிந்தவர்களிடம் இருந்த இரண்டு பலகைகளை இரவல் வாங்கி ஒரே சோதனையைச் செய்தோம். பலகையின்மேல் ஓர் அளவுகோலைச் சாய்வாக, 45 பாகைக் கோணத்தில் வைத்து, மென்பொருளின் நடுக்கநீக்கியை அணைத்துவிட்டு, அளவுகோலின் ஓரமாகப் பேனாவை மிக மெதுவாக இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் எல்லாப் பலகையிலும் நேர்கோடு வரும்; மெதுவாக இழுக்கும்போதுதான் உணர்கம்பிகளுக்கு இடையில் பலகை இடத்தைத் தவறாகக் கணிப்பது தெரியவரும். ஒன்றில் கோடு நேராக வந்தது. மற்றொன்றில், அளவுகோல் ஆடாமல் அசையாமல் இருந்தும், சீரான இடைவெளியில் மெல்லிய அலை ஓடியது. வரைபவருடைய கைநடுக்கம் என்று அதைத் தவறாக எண்ணிக்கொண்டு மனம் தளர்பவர்கள் எத்தனை பேரோ என்று அப்போது நினைத்தேன். அடுத்து, சிறிய அளவில் ‘ண’, ‘ழ’ போன்ற சுழியுள்ள எழுத்துகளை எழுதிப் பார்த்தார். சுழி மூடாமல் விடுகிறதா, எழுத்தின் தொடக்கம் விழுங்கப்படுகிறதா என்பதை அதில் எளிதாகக் காணலாம்.

நேர்கோடு வந்த பலகையை ஒத்த ஒன்றையே அவர் வாங்கினார். வாங்குமுன், பலகையைக் கணினி புரிந்துகொள்ள உதவும் டிரைவர் மென்பொருள், தன் கணினியின் இயங்குதளப் பதிப்புக்கு ஏற்றதாக, அந்த மாதிரிக்கு இருக்கிறதா, அது அண்மைக்காலத்தில் புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று நிறுவனத்தின் பக்கத்தில் பார்த்துக்கொண்டார். டிரைவர் கைவிடப்பட்ட பலகை எவ்வளவு உறுதியான உடலோடு இருந்தாலும் பயன்படாது.

முதல் வாரங்கள்

மென்பொருளாகக் கிரிட்டாவைத் தேர்ந்தெடுத்தோம். அது கட்டணமில்லாத, கட்டற்ற மென்பொருள், வரைவதற்கென்றே உருவாக்கப்பட்டது. முதல் நாளே அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது: “மேடம், வட்டம் போட்டா முட்டை வருது.”

இது பலரும் சந்திக்கும் சிக்கல். பலகையின் குறை அன்று. அவருடைய பலகையின் வரைபரப்பு 16:10 விகிதத்தில் இருந்தது, திரையோ 16:9. முழுப் பரப்பையும் முழுத் திரைக்கு விரித்தால் கிடையசைவு செங்குத்தசைவைவிட ஏறத்தாழ 11 விழுக்காடு கூடுதலாகப் பெருகும். கை போடும் வட்டம் திரையில் படுத்த நீள்வட்டமாகும். டிரைவர் அமைப்பில் விகிதத்தைக் காக்கும்படி ஒரு தேர்வு இருக்கிறது. அதை இயக்கினால் பலகையின் உயரத்தில் ஒரு கீற்று பயன்படாமல் போகும், ஆனால் வட்டம் வட்டமாகவே விழும். 216 × 135 அளவில் அந்த இழப்பு 13.5 மி.மீ. மட்டுமே. இந்த ஒரு தேர்வைச் செய்யாமல் மாதக்கணக்கில் வரைந்து, கை தவறான விகிதத்துக்குப் பழகிப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்; அதைத் திருத்துவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

இரண்டாவது தொல்லை, கோடு தொடங்கும் இடத்தில் சிறு தாமதமும், பேனாவை ஊன்றினால் திரையில் தோன்றும் ஒரு வளையமும். விண்டோஸ், பேனாவை அழுத்திப் பிடிப்பதை மவுஸின் வலச்சொடுக்காக எடுத்துக்கொள்வதால் வருவது இது. பேனா, தொடுகைக்கான அமைப்பில் அதை அணைத்தவுடன் போய்விட்டது. கிரிட்டாவின் டேப்லெட் அமைப்புகளில், பேனாவின் தகவலைப் பெறும் வழிகளான வின்டேப், விண்டோஸ் பேனா உள்ளீடு என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அழுத்தம் பதியாதபோது முதலில் மாற்றிப் பார்க்க வேண்டியது அதுவே. மேக் கணினி வைத்திருப்பவர்களுக்கு வேறொரு தடை உண்டு: தனியுரிமை அமைப்பில் டிரைவருக்கு அனுமதி தராவிட்டால் சுட்டி நகரவே நகராது. முன்பு வேறு நிறுவனத்தின் டேப்லெட்டைப் பயன்படுத்தியவர்கள் அதன் டிரைவரை முற்றிலும் நீக்கிவிட்டுத்தான் புதியதை நிறுவ வேண்டும்.

எவ்வளவு அழுத்தினால் கோடு எவ்வளவு தடிக்கும் என்பதை முடிவுசெய்யும் அழுத்த வளைகோட்டைச் சரிசெய்ததே எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றத்தைத் தந்தது. அவர் மென்மையான கைக்காரர். குறிப்பேட்டில் அவர் கோடுகள் பின்பக்கம் தடம் பதிக்காது. அவருக்குத் தொடக்க அமைப்பில் கோடு முழுத் தடிமனுக்கு வரவே இல்லை. வரவழைக்கப் பேனாவை அழுத்திப் பிடித்து, மாலைக்குள் கட்டைவிரலின் அடிப்பகுதி வலிக்கத் தொடங்கியது. வளைகோட்டின் நடுப்பகுதியை மேலே தூக்கி, குறைந்த அழுத்தத்திலேயே தடிமன் ஏறும்படி செய்தோம். அன்றே பிடி தளர்ந்தது. பேனா பிடிப்பதில் வலி வந்தால் பயிற்சி போதவில்லை என்று எண்ணிக்கொண்டு தொடர்ந்து வரையக் கூடாது. முதலில் அமைப்பைப் பார்க்க வேண்டும்.

பலகையை வைக்கும் முறையிலும் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. மடிக்கணினிக்கு வலப்பக்கத்தில் சற்றுச் சாய்த்து வைத்திருந்தார், குறிப்பேட்டைச் சாய்த்து வைக்கும் வழக்கத்தில். குறிப்பேட்டைச் சாய்த்தால் படமும் அதோடு சாயும். பலகையைச் சாய்த்தால் திரை சாயாது, கிடைக்கோடு போட்டால் ஏறுகோடு வரும். பலகையின் நடுவும் திரையின் நடுவும் உடலின் நடுவும் ஒரே நேரில் இருக்கும்படி, மடிக்கணினியைப் பின்னுக்குத் தள்ளிப் பலகையை முன்னால் வைத்த பிறகு அவருடைய நேர்கோடுகள் நேராயின. படத்தைச் சாய்க்க வேண்டுமானால் மென்பொருளில் தாளைச் சுழற்றிக்கொள்ளலாம்.

பயிற்சியாக, திரையில் இரு புள்ளிகளை வைத்து அவற்றை ஒரே இழுப்பில் இணைப்பதை மட்டும் நாள்தோறும் சிறிது நேரம் செய்யச் சொன்னேன். இரண்டாம் வாரத்தில் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடலாம் என்றிருந்தார். மூன்றாம் வாரத்தின் முடிவில், கையைப் பார்க்காமல் வரைகிறோம் என்ற நினைப்பே வரவில்லை என்று சொன்னார்.

இப்போதைய நிலையும் இந்த ஆய்வின் எல்லையும்

சில மாதங்களுக்குப் பிறகு அவருடைய வேலைமுறை ஒரு வடிவத்துக்கு வந்திருக்கிறது. முதல் கருவரைவைக் குறிப்பேட்டில் பென்சிலால் போடுகிறார். ஒளிப்படம் எடுத்து மென்பொருளில் அடி லேயராக (அடியடுக்காக) வைத்து, அதன்மேல் மைக்கோட்டையும் வண்ணத்தையும் டேப்லெட்டில் செய்கிறார். காகிதத்தை விட்டுவிட வேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை. கூந்தல், புல் போன்ற நீண்ட வீச்சுக்கோடுகள் டேப்லெட்டில் நன்றாக வருகின்றன. முகத்தில் கண்ணிமை போன்ற நுண்ணிய இடங்களில் பெரிதாக்கி வரையும் பழக்கம் வந்துவிட்டதால், முழுப்படத்தின் பொருத்தத்தை மறந்துவிடும் குறை இன்னும் இருக்கிறது. அதற்கும் பலகையின் அளவுக்கும் தொடர்பில்லை. பலகையின் மேற்பரப்பு சற்றுச் சொரசொரப்பானதால் பேனாவின் நிப் ஒரு பக்கம் தேய்ந்து உளிபோலக் கூராகியது. கூர்ந்த விளிம்பு மேற்பரப்பைக் கீறுமுன் மாற்றிவிட வேண்டும் என்பதால், பெட்டியில் தந்திருந்த மாற்று நிப்புகளில் ஒன்றைப் போட்டுக்கொண்டார்.

இது ஒருவருடைய நிகழ்வு. அவர் ஏற்கெனவே வரையத் தெரிந்தவர், மணிக்கட்டை ஊன்றி வரைபவர், கணினி கையிலிருந்தவர். வரைவதையே இப்போதுதான் தொடங்குபவருக்குக் கையின் இயல்பான வீச்சு இன்னும் உருவாகியிருக்காது. அட்டைச் சாளரச் சோதனை அவருக்குத் தெளிவான விடை தராமல் போகலாம். அத்தகையவர் சிறிய பலகையில் தொடங்குவதில் தவறில்லை. ஆனால் அதைப் பெரிய வெளித்திரையோடு இணைக்காமல் மடிக்கணினித் திரையோடு பயன்படுத்துவது நல்லது. வண்ணம் தீட்டுவதே முதன்மை வேலையாக, கோட்டின் தூய்மை இரண்டாம் நிலையாக இருப்பவருக்கும் சிறியது பொருந்தும். இடக்கைக்காரர்கள் பலகையைத் தலைகீழாகத் திருப்பி, டிரைவரில் இடக்கை அமைப்பைத் தேர்ந்தெடுத்துக்கொண்டால் போதும். தனி மாதிரி தேவையில்லை. அசைவுப்படம், சித்திரக்கதை என்று நாள் முழுவதும் கோடு போடும் வேலைக்குப் போகிறவர்களுக்குத் திரையுள்ள டேப்லெட் பின்னால் தேவைப்படலாம். அப்போதும் இதே பலகையை இரண்டாம் கருவியாகப் பயணத்துக்கு வைத்துக்கொள்ள முடியும்.

பழைய டேப்லெட்டை வாங்க நினைப்பவர்கள் மூன்றை மட்டும் நேரில் பார்த்துவிட வேண்டும்: நால்மூலைகளிலும் பேனா பதிகிறதா, கம்பி பலகையில் சேரும் இடம் ஆடுகிறதா, பேனா அந்த மாதிரிக்கு உரியதுதானா. மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு நிறுவனத்தின் பேனா மற்றொரு நிறுவனத்தின் பலகையில் பொதுவாக வேலை செய்யாது. ஒரே நிறுவனத்தின் இரு வரிசைகளுக்கிடையிலும் பேனா மாறிவிடுவதுண்டு.